இரண்டு கவுன்டருக்கு நடுவே ஒரு கால்

மைக்கக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். டாக்ஸி ஆபீஸில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் ரேடியோவில் காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தால் டிரைவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அதே அவள், "பதினேழு, எங்க இருக்கீங்க?" என்று பூனை நடக்கிற மாதிரி கேட்டுவிட்டால் போதும், பதினேழாம் நம்பர் வண்டிக்காரர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்குகிறது. ஊருக்கு அவள் மைக்கக்கா. மைக்கைப் பிடித்து வண்டி அனுப்புகிற அக்கா. டிரைவர்களுக்கும் பெயர் கிடையாது, வண்டி நம்பர்தான். ஒருமுறை பதினேழின் மனைவி ஆபீஸுக்கு வந்து புருஷன் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா" என்று நல்ல மனசோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவள் அந்த ஆபீஸுக்கு முதலில் வந்தது தரை துடைக்க. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒருநாள் காலையில் மைக் பிடிக்கிற ஆள் வரவில்லை. ரேடியோ பசித்த குழந்தை மாதிரி வீறிட்டுக்கொண்டிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மைக்கை எடுத்தாள். துடைப்பத்துக்குத் திரும்பவே இல்லை. முதலாளியும் கேட்கவில்லை. தரைதான் கொஞ்ச நாள் அழுக்காக இருந்தது.

அந்த முதல் நாளிலேயே ஒரு தப்புச் செய்தாள். பெட்டியோடு ஒருவர் ஒரு கடை வாசலில் வண்டிக்காகக் காத்திருந்தார். போக வேண்டிய நாலாம் நம்பர், "எனக்கு டயர் பஞ்சர்க்கா, ஒன்பது எடுத்துக்குவாரு" என்றார். இவள் நோட்டில் "முடிந்தது" என்று எழுதிவிட்டாள். ஒன்பதுக்கு இந்த விஷயமே தெரியாது. அவர் முடிதிருத்தும் கடையில் கண்ணை மூடித் தலையைக் கொடுத்திருந்தார். வெளியே நல்ல மழை. இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பெட்டிக்காரர் போன் செய்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை. அவர் திட்டவில்லை. "நான் இன்னும் இங்கதாம்மா நிக்கறேன்" என்றார், ஏதோ நின்றதற்கு அவர்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதுபோல.

அன்றோடு ஆபீஸில் ஒரு சட்டம் வந்தது. ஒரு சவாரியை யார் யாருக்குக் கை மாற்றினாலும் நோட்டில் அது முடியாது. வாங்கிக்கொண்ட டிரைவர் தன் வாயால், "ஏறியாச்சு" என்று சொல்லவேண்டும். அதுவரை அந்த வரிக்கு முன்னால் ஒரு வட்டம் வாயைப் பிளந்தபடி இருக்கும். அந்த வட்டத்தை மூடாமல் மைக்கக்கா சாப்பிடக்கூட எழுந்திருக்கமாட்டாள்.

இனி அந்தக் கால் கதைக்கு வருவோம்.

மைக்கக்காவின் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். இருபத்தெட்டு வருஷமாக மண்டி போட்டே பிழைக்கிற மனுஷர். ஒரு டைல் நூலளவு விலகியிருந்தால் வரிசை முழுவதையும் பெயர்த்து எடுத்துவிடுவார். சொந்த உடம்பு முழக்கணக்கில் விலகினாலும், "தானா சரியாயிடும்" என்பார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து இடது காலுக்குச் சாக்ஸ் போடப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸ் கெண்டைக்காலில் ஏற மறுத்தது.

"என்னங்க அது?"

"சுளுக்கு."

"சுளுக்கு எப்பலேர்ந்து இவ்வளவு குண்டா வருது?"

கையை வைத்துப் பார்த்தாள். தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. டீ கிளாஸைத் தொட்டது மாதிரி சுட்டது.  அவளுக்கு அஞ்சாம் நம்பர் ஞாபகம் வந்துவிட்டது.

அஞ்சாம் நம்பர் போன வருஷம்வரை ஆபீஸில் இருந்தவர். நாளெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே கிடப்பவர். அவருக்கும் இதே மாதிரி ஒரு கால்தான் வீங்கியது. கிளினிக்கில் இடம் இல்லை என்றார்கள். அவசரப் பிரிவில் வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி போனார், மறுபடி அனுப்பினார்கள். பத்தாம் நாள், கையில் பால் பாக்கெட்டோடு, சொந்த வீட்டு மாடிப்படியில் விழுந்தார். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று அப்புறம் ஒரு டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆள் இருக்கும்போது வரைந்திருக்கலாம். ஆபீஸில் அந்த நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நாலுக்கு அடுத்து ஆறுதான்.

குடும்ப டாக்டரின் கிளினிக்கில் போன் சரியாக எட்டு மணிக்குத் திறக்கும். எட்டு நாலுக்கு அன்றைய இடமெல்லாம் தீர்ந்துவிடும். இடையில் இருக்கிற நாலு நிமிஷத்தில் ஊரே ஒரே வாசலில் நுழையப் பார்க்கும். ஒரு நாளைக்கு முன்னூறு போன் எடுத்துப் பழகிய மைக்கக்கா, ஏழு ஐம்பத்தொன்பதுக்கே விரலைத் தயாராக வைத்திருந்தாள். எட்டு அடித்ததும் அமுக்கினாள். "வரிசையில் நீங்கள் முப்பத்தோராவது நபர்" என்றது ஒரு குரல். மற்ற முப்பது பேர் எங்கே ஒளிந்திருந்தார்களோ. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றும் சொன்னது.

"முக்கியமானவங்கள யாராவது வாசல்லயே நிக்க வெப்பாங்களா?" என்றாள் மைக்கக்கா.

"யார்கிட்ட பேசற?" என்றார் டைல்ஸ்காரர்.

"மெஷின்கிட்ட. அதுவாச்சும் மரியாதையா பேசுது."

எட்டு நாற்பத்தேழுக்கு ஒரு பெண் எடுத்தாள். முப்பது பேரிடம் ஏற்கெனவே திட்டு வாங்கிய களைப்பு அவள் குரலில் இருந்தது.

"இருபது நாள் கழிச்சு ஒரு இடம் இருக்கு."

"கால் இன்னைக்கு வீங்கியிருக்கும்மா."

"அப்போ எமர்ஜென்சிக்குப் போங்க. அனுப்பிட்டோம்னு நான் இங்க குறிச்சுக்கறேன்."

சரி என்று கிளம்பினார்கள். பதினேழு வந்து ஏற்றிக்கொண்டார். அவர் மீசைக்காரர், வாய்க்காரர். வண்டியில் ஏறிய நோயாளியைச் சிரிக்கவைக்காமல் இறக்கினால் தொழிலுக்கே இழுக்கு என்று நினைப்பவர். அன்றைக்கு அவரும் கண்ணாடி வழியாக அந்தக் காலைப் பார்த்தார். பார்த்தபின் வழியெல்லாம் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

அவசரப் பிரிவு என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி. அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். ஒருவர் இருமினால் ஐந்து பேர் ஆடினார்கள். சுவரில், "ஊழியர்களிடம் கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள்" என்று ஒரு அறிவிப்பு. நோயாளிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அடுத்த சுவரில் இடம் காலியாகத்தான் இருந்தது. தச்சர் ஒருவர் விரலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். "காலைல வரும்போது ரெண்டா இருந்துச்சு. இவங்க கூப்பிடறதுக்குள்ள தானாவே ஒட்டிக்கும் போல" என்றார். பக்கத்தில் ஒரு தாய். அவள் மடியில் இருந்த குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுது, தூங்கி, எழுந்து, விட்ட இடத்திலிருந்து அழுதது.

டைல்ஸ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது வரிசை அரை சென்டி ஓடியிருக்கு. எவன் போட்டானோ" என்று சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"தரைய விடுங்க. கால அளங்க."

அளந்தார். வலது கெண்டைக்கால் முப்பத்தாறு. இடது நாற்பத்தொன்று. நாடாவைத் திருப்பிப் பிடித்து இன்னொருமுறை அளந்தார். தொழிலில் இரண்டு மில்லிமீட்டருக்கே மன்னிப்பு கிடையாது. ஐந்து சென்டிமீட்டர். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு அதற்கப்புறம் அவர் தரையைப் பற்றிப் பேசவில்லை.

பத்து மணிக்குப் பதிந்த பெயரைச் சாயங்காலம் நாலு ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள். நீலச் சட்டை போட்ட நர்ஸ் ஒருத்தி. மூன்று நிமிஷம்.

"மூச்சு முட்டுதா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லைங்க."

"அப்போ இங்க இப்ப எதுவும் செய்ய முடியாது. ரத்தம் கட்டிருக்கான்னு ஸ்கேன்தான் பாக்கணும். அதுக்கு உங்க குடும்ப டாக்டர் எழுதணும். அவர்கிட்ட போங்க."

"அவர் கிளினிக்லதாங்க இங்க போகச் சொன்னாங்க."

"நாங்க அங்க போகச் சொல்றோம்."

மைக்கக்கா வாயைத் திறந்தாள். நர்ஸின் சட்டைப்பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் எட்டிப்பார்த்தது. பிரித்திருந்தது, ஒன்றே ஒன்று பாதி கடிபட்டிருந்தது. காலையில் கடித்ததாகத்தான் இருக்கவேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டு சீட்டை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, காலைத் தலையணை மேல் தூக்கிவைத்து, நாலு தடவை தொட்டுப் பார்த்தாள். சூடு குறையவில்லை.

மறுநாள் போன் வரிசையில் நிற்கவில்லை. வீட்டுக்காரரைப் பதினேழின் வண்டியில் உட்காரவைத்துவிட்டு, எட்டு மணிக்கு நேராகவே கிளினிக் வாசலில் போய் நின்றாள். அவள் முறை வரும்போது மணி பத்தரை. கண்ணாடிக்குப் பின்னால் அதே களைத்த குரல்காரி. சின்னப் பெண்தான், ஒரு காதில் போன் மாட்டியிருந்தது.

"எங்க கம்ப்யூட்டர்ல 'முடிந்தது'ன்னு இருக்கேம்மா. எமர்ஜென்சிக்கு அனுப்பியாச்சு."

"அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. டாக்டர் ஒரு கடிதம் எழுதணுமாம்."

"பாக்காம எப்படி எழுதுவாரு? பாக்கணும்னா இருபது நாள்."

"டாக்டர் உள்ளதானே இருக்காரு?"

"உள்ளதான் இருக்காரு. வரிசைலதான் நீங்க இல்ல."

மறுபடி அவசரப் பிரிவு. பதினேழு வண்டியைப் பறக்கவிட்டார். பத்து ஐம்பதுக்குக் கவுன்டரில் நின்றார்கள். நேற்றைய தச்சரும் காதுவலிக் குழந்தையின் தாயும் இன்றைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இருந்த பதிவுக்காரர் சாவிகளைத் தட்டிப் பார்த்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"இது முடிஞ்ச கேஸாச்சே. 'குடும்ப டாக்டருக்கு அனுப்பப்பட்டது, முடிந்தது.' நேத்தே."

மைக்கக்கா அந்தத் திரையை எட்டிப் பார்த்தாள். திரும்பி நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்தாள். அங்கேயும் முடிந்தது, இங்கேயும் முடிந்தது. ஆள் மட்டும் முடியாமல் நடுவில் உட்கார்ந்து, நீட்டிய காலைப் பிடித்தபடி, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நாலாம் நம்பர் ஒன்பதுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்பது கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். மழை பெய்துகொண்டிருக்கிறது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் செய்த அதே தப்பு. அவள் ஒரு நாள்தான் செய்தாள். இவர்கள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார்கள்.

போனை எடுத்தாள். குரல் இறங்கிவிட்டது.

"பதினேழு. எங்க இருக்கீங்க?"

"வெளியதான் நிக்கறேன்க்கா." வண்டி உறுமுகிற சத்தம் அதற்குள் கேட்டது. அந்தக் குரலுக்கு அவர் உடம்பு தானாகவே சாவியைத் திருப்பிவிட்டது.

"கிளினிக்குக்குப் போங்க. வண்டில யாரும் ஏறவேணாம். உங்க போன் மட்டும் போனா போதும்."

"போனுக்குச் சவாரியா? சரி, சீட் பெல்ட் போட்டுடறேன்."

பன்னிரண்டு நிமிஷம். மைக்கக்கா கவுன்டரை விட்டு நகரவில்லை. பின்னால் நின்றவர்களைத் தன்னைத் தாண்டிப் போகவிட்டாள். பதிவுக்காரர் இரண்டுமுறை, "உக்காருங்கம்மா" என்றார். "உக்காந்து பாத்துட்டேன் தம்பி, நேத்து ஏழு மணி நேரம்" என்றாள். பிறகு தன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு, கவுன்டர் பலகை மேல் வைத்தாள். கூடம் முழுவதும் கேட்டது.

"மேடம், உங்களுக்கு போன்" என்றது பதினேழின் குரல்.

"நான் ஏற்கெனவே போன்லதான் இருக்கேன் சார்" என்றாள் கிளினிக் பெண்.

"அது வரிசை உள்ள போன். இது வரிசை இல்லாத போன். கண்ணாடிக்குக் கீழ ஓட்டை இருக்கு பாருங்க, அதுல தள்ளறேன். புடிங்க, புடிங்க, விழுந்துடும்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். தச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஹலோ, யாரு?"

"காலைல வந்தேனே, கால் வீங்கின டைல்ஸ்காரர் வீட்டம்மா. இங்க எமர்ஜென்சி கவுன்டர்ல இருக்கேன். எதிர்ல பதிவு பண்ற தம்பி இருக்காரு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும், அவ்வளவுதான். தம்பி, பேசுங்க."

பதிவுக்காரர் போனைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வணக்கம். இந்த நோயாளி... உங்களுக்கு அனுப்பிட்டோமே."

"நாங்க உங்களுக்கு அனுப்பிட்டோமே. நேத்து காலைலயே."

"நேத்து சாயங்காலம் நாங்க திருப்பி அனுப்பிட்டோம்."

"எங்களுக்கு எதுவும் வரலையே சார்."

"சீட்டு குடுத்திருக்கோம்."

"சீட்டு எங்க கம்ப்யூட்டருக்குள்ள எப்படிங்க வரும்? நடந்தா?"

கூடத்தில் அறுபது பேரும் கவுன்டர் பக்கம் திரும்பிவிட்டார்கள். காதுவலிக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. வாசலில் நின்ற காவலாளி வந்துவிட்டார்.

"அம்மா, இங்க சத்தம் போடக்கூடாது."

"நான் போடலையேண்ணே," என்றாள் மைக்கக்கா, அவருக்கே குனிந்து கேட்கவேண்டிய அளவுக்கு மெதுவாக. "அவங்க ரெண்டு பேர்தான் பேசிக்கறாங்க. நான் கனெக்ஷன் மட்டும்தான் குடுத்தேன். அது என் தொழில்."

காவலாளி போனைப் பார்த்தார், பதிவுக்காரரைப் பார்த்தார், யாரை வெளியேற்றுவது என்று புரியாமல் இடுப்பில் கைவைத்து அங்கேயே நின்றுகொண்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கும் முடிவு தெரிந்தாக வேண்டியிருந்தது.

மைக்கக்கா போன் பக்கம் குனிந்தாள். "ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்விதான். யார் மேல தப்புன்னு நான் கேக்கல. இந்த நிமிஷம் இவரு யார்கிட்ட இருக்காரு? ரெண்டு பேர்ல ஒருத்தர், 'எங்ககிட்ட இருக்காரு'ன்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் லைன் கட் ஆகாது."

"அம்மா, அது எங்க கைல இல்ல..." என்று ஆரம்பித்தார் பதிவுக்காரர்.

"அவங்க கைலயும் இல்ல, உங்க கைலயும் இல்ல. அப்போ கீழ விழுந்துட்டாரு. போன வருஷம் எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படித்தான் விழுந்தாரு. ஒன்பது நாள் இங்கயும் அங்கயும் நடந்தாரு, பத்தாவது நாள் நடக்கல. இவரு எனக்கு ஒருத்தர்தான் இருக்காரு தம்பி."

கடைசி வார்த்தையில் குரல் எங்கோ தட்டியது. உடனே சரிசெய்துகொண்டாள். டைல்ஸ்காரர் பின்னாலிருந்து, "விடும்மா, போயிடலாம். எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"பாக்கட்டும். அதுக்குத்தான் ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"என் குழந்தையும் அப்படித்தான்," என்றாள் காதுவலித் தாய் திடீரென்று எழுந்து. "கிளினிக்ல இங்க போன்னாங்க, இங்க அங்க போன்னாங்க. மூணு நாளாச்சு." பின்வரிசையில் ஒருவர், "நானும்" என்றார். இன்னொருவர். "நானும்தான்." இரும்புச் சட்டம் கிறீச்சிட, ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது.

 போனில் கிளினிக் பெண் வேறு பக்கம் திரும்பிப் பேசுகிற சத்தம். பிறகு ஒரு ஆண் குரல்.

"யாரு இது? என்ன பிரச்சினை? நான் டாக்டர் பேசறேன்."

குடும்ப டாக்டர்! ஏதோ கோப்பு எடுக்க வெளியே வந்தவராம். கண்ணாடி ஓட்டையில் தலையை விட்டுக்கொண்டு நின்ற மீசையைப் பார்த்து நின்றுவிட்டாராம். இதைப் பதினேழு அப்புறம் நூறுமுறை நடித்துக் காட்டினார்.

"டாக்டர், ஒரு கால் முப்பத்தாறு, ஒரு கால் நாப்பத்தொன்னு," என்றாள் மைக்கக்கா.

"என்னது?"

"கெண்டைக்கால் சுத்தளவு. சென்டிமீட்டர்ல. நேத்து அளந்தது. டைல்ஸ்காரர் அளந்தா தப்பாது."



"அஞ்சு சென்டி வித்தியாசமா? சூடா இருக்கா? எத்தனை நாளா?"

"சுடுது. நேத்து காலைலேர்ந்து."

"இதை ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்கு இருபது நாள் இருக்குன்னாங்க டாக்டர்."

 "அங்க நர்ஸ் யாராவது இருக்காங்களா? குடுங்க" என்றார். நீலச் சட்டை நர்ஸ் எப்போது வந்து பதிவுக்காரர் பின்னால் நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. போனை எடுத்து, ஸ்பீக்கரை நிறுத்தாமலே பேசினாள். டாக்டர் சொல்லச்சொல்ல, "சரி... சரி... கடிதம் அப்புறம் அனுப்புங்க, வாய்மொழியா எடுத்துக்கறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு மைக்கக்காவை நேராகப் பார்த்தாள்.

"எங்ககிட்ட இருக்காரு" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "வீல் சேர் ஒண்ணு!" என்று கத்தினாள்.

கூடத்தில் கைதட்டினார்கள். தச்சர் தட்ட முடியாமல் தொடையில் ஒற்றைக் கையால் அடித்தார்.

ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்கட்டி இருந்தது. சின்னதில்லை. ரத்தத்தை இளக்குகிற ஊசியை வயிற்றில் போட்டார்கள். ஊசி போடும்போது டைல்ஸ்காரர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரில் டைல்ஸ் ஒழுங்காக இருந்திருக்கவேண்டும், முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு கட்டில் கிடைத்தது. சில நாள் வைத்துப் பார்க்கவேண்டும், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்றார் ஒரு இளம் டாக்டர். மைக்கக்கா, "தெரியும்" என்றாள்.

"உன் குரலைக் கேட்டு எனக்கே பயமா இருந்துச்சு" என்றார் டைல்ஸ்காரர், போர்வைக்குள்ளிருந்து.

"நீங்க ஏன் பயப்படறீங்க? நீங்க எங்க ஆபீஸ்லயா வேலை பாக்கறீங்க?"

சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். ஐந்து நிமிஷம் தண்ணீர் ஓடியது. வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தது, அவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

கீழே இறங்கினபோது டை கட்டிய நிர்வாக அதிகாரி ஒருவர் காத்திருந்தார். கையில் ஒரு ஃபாரம். ஊழியர்கள் பணியாற்ற இடையூறு செய்ததாக ஒப்புக்கொண்டு, இனி இவ்வாறு நடந்துகொள்ளமாட்டேன் என்று உறுதி கூறிக் கையெழுத்திடவேண்டும். மைக்கக்கா நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்துக்கு எழுத்து வாசித்தாள்.

"'பதினொன்றரை மணிக்கு'ன்னு போட்டிருக்கீங்க. நான் வந்தது பத்து அம்பது. நேரம் தப்பு."

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லம்மா."

"எங்க தொழில்ல அதுதாங்க பெரிய விஷயம்." அடித்துத் திருத்தினாள். பிறகு கீழே இருந்த வெற்றிடத்தில் வரிசையாக எழுதினாள். செவ்வாய் எட்டு மணி, போன் செய்தது. எட்டு நாற்பத்தேழு, எடுத்தார்கள். பத்து மணி, இங்கே பதிந்தது. நாலு ஐம்பது, கூப்பிட்டது. நாலு ஐம்பத்து மூன்று, அனுப்பியது. இடம் போதாமல் ஓரத்திலும் ஏறியது எழுத்து. "இடையூறு செய்தேன்" என்ற வரியை அப்படியே விட்டாள், அது உண்மைதானே. "இனி இவ்வாறு நடந்துகொள்ளமாட்டேன்" என்ற வரியின் மேல் மட்டும் ஸ்கேல் வைத்தது போல இரண்டு கோடு இழுத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"அதை அடிச்சிட்டா ஃபாரம் செல்லாதும்மா."

"செல்லாததாவே வெச்சுக்குங்க. பொய்க் கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கு இல்ல."

"அடுத்த தடவை இப்படிச் செஞ்சா போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க. இங்க வந்து வரிசைல உக்காரட்டும். அறுபத்தோராவது ஆளா. எனக்கு இதுல ஒரு நகல் வேணும்."

அதிகாரி ஃபாரத்தைப் பார்த்தார், டையைச் சரிசெய்துகொண்டார், நகல் எடுக்கிற மெஷின் இருக்கிற பக்கம் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அவர் தலை மறைந்ததும் நீலச் சட்டை நர்ஸ் வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். மைக்கக்காவின் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, கையில் மடித்திருந்த காகிதத்தைப் பிரித்தாள். இதே மாதிரி இங்கேயும் கிளினிக்குக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஆறு பேரின் பெயர்கள்.

"அக்கா, நான் சொன்னேன்னு வெளில சொல்லாதீங்க," என்றாள். "அந்த மீசைக்காரர் இன்னும் கிளினிக்லதான் இருக்காரா?"

மைக்கக்கா போனை எடுத்தாள். "பதினேழு?"

"இருக்கேன்க்கா. இந்தப் பொண்ணு டீ குடுத்து பெஞ்ச்ல உக்கார வெச்சிருக்கு. என்ன நடந்துச்சுன்னு உள்ள இருக்கிற நோயாளிங்க எல்லாம் கேக்கறாங்க. மூணு தடவை சொல்லிட்டேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நல்லா வருது."

"நாலாவது தடவை அப்புறம் சொல்லுங்க. போனை மறுபடி ஓட்டைல தள்ளுங்க."

காதுவலிக் குழந்தையின் தாய் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். மைக்கக்கா போனை அவள் கையில் கொடுத்தாள்.

"நேரத்தை மொதல்ல சொல்லு," என்றாள். "எத்தனை மணிக்கு இங்க வந்த, எத்தனை மணிக்கு அங்க போன. அழாம சொல்லு. அழணும்னா அப்புறம் சேந்து அழலாம்."